துவிச்சக்கர வண்டியும் மாரிகாலமும்: புத்தளக் கரையோரப் போக்குவரத்து வரலாற்றில் ஒரு நோக்கு

ஒரு நாட்டின் போக்குவரத்து வரலாறு எழுதப்படுமிடத்து, கால்வாய்களும் புகையிரதப் பாதைகளும் பெருந்தெருக்களுமே அதில் முதலிடம் பெறுகின்றன. அவற்றை அமைத்தவர்கள் அரசினர். அவற்றுக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கணக்கேடு உண்டு. துவிச்சக்கர வண்டிக்கு இவை எவையும் இல்லை. அதனைத் தனிமனிதன் ஒருவன் தன் சொந்தச் செலவில் வாங்கித் தன் கால்வலியால் ஓட்டினான். ஆதலால் அது வரலாற்றாசிரியரின் கண்ணிற் படாது போயிற்று. மீனவரும் ஆசிரியரும் உப்பளத் தொழிலாளரும் பள்ளி மாணவரும் பல தலைமுறைகளாக அதனை நம்பி வாழும் புத்தளக் கரையோரத்திலும் நிலைமை இதுவே. அவ்வண்டியின் வரலாற்றை மாரிகாலத்தை மையமாக வைத்து நோக்குவது பொருத்தமுடையது. ஏனெனில் வண்டியின் பெறுமதியும் தெருவின் குறையும் ஒருங்கே வெளிப்படுவது மழையிலேதான்.

சிலாபத்திலிருந்து வடக்கே கற்பிட்டி முனைவரை நீளும் இக்கரையோரம் தாழ்ந்த மணற்பாங்கான நிலம். கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்துண்டுகளிலேயே உடப்பு, நுரைச்சோலை, கற்பிட்டி போன்ற ஊர்கள் அமைந்துள்ளன. தெதுறு ஓயா சிலாபத்தின் அருகே கடலை அடைகிறது. மீ ஓயாவும் கலா ஓயாவும் புத்தளம் களப்பில் வந்து விழுகின்றன. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மில்லிமீற்றர் வரையாகும். அதில் பாதியளவு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள சில கிழமைகளிற் கொட்டித் தீர்ந்துவிடும். உறைபனியை இம்மண் அறியாது. எனினும் வாடைக் காற்றும் விடாமழையும் நீர் தேங்கிய தெருவும் சேர்ந்த அக்காலமே இம்மக்களின் குளிர்காலம். வடபுல நாட்டு மிதிவண்டிக்காரனுக்குப் பனி எத்தகையதோ, புத்தளத்து மிதிவண்டிக்காரனுக்கு மாரி அத்தகையது.

இம்மண்ணிற் போக்குவரத்து என்றும் மழையோடு பிணைந்தே வந்துள்ளது. 1344ஆம் ஆண்டிற் புத்தளத்தில் இறங்கிய மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததை எழுதியுள்ளார். மலைநாட்டுப் பொருளை மழையே கரைக்குச் சுமந்து வந்தது எனலாம். பாவா ஆதம் மலைக்குச் செல்ல அவருக்கு ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்தான். வசதி படைத்தோர் பிறர் தோளிலும், ஏனையோர் தம் காலிலும் பயணஞ் செய்த காலம் அது. கண்டி இராச்சியத்துக்கு வேண்டிய உப்புப் புத்தளத்திலிருந்து பொதிமாடுகளில் உள்நாட்டுக்குச் சென்றது. பின்னர் வந்த ஒல்லாந்தர் 1667 தொடக்கம் 1676 வரையான ஆண்டுகளிற் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டினர். கொழும்பையும் புத்தளத்தையும் களப்புகளினூடாக இணைக்கும் நீர்வழியையும் வளர்த்தனர். சேற்றில் வண்டி புதையும் நிலத்தில் நீர்வழியே சிறந்த வழி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அக்கால்வாய் வணிகச் சரக்கின் பொருட்டு அமைந்ததேயன்றிக் குடிமகனின் அன்றாட நடமாட்டத்தின் பொருட்டு அமைந்ததன்று.

கற்பிட்டியிற் பிறந்து, 1834இல் இலங்கையின் இடப்பெயர் விளக்க நூலை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி இக்கரையோரத்தின் ஊர்களை நுணுகி அறிந்தவர். அவர் 1860இல் மறைந்தார். மிதிகட்டை பூட்டிய துவிச்சக்கர வண்டி பாரிசில் உருவானது அதன் பின்னரே. அவ்வண்டியின் முன்னோடி ஜேர்மனியில் 1817ஆம் ஆண்டு கார்ல் டிரைஸ் என்பவர் அமைத்த, காலால் நிலத்தை உந்திச் செலுத்தும் மரவண்டியாகும். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தமையால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிற் கோடையே வரவில்லை, விளைச்சல் அழிந்தது, குதிரைகளுக்குத் தீனி கிடைக்கவில்லை. அந்தப் பஞ்சமே குதிரையில்லா வண்டியைப் பற்றி டிரைசைச் சிந்திக்க வைத்தது என ஆய்வாளர் சிலர் கருதுவர். இக்கருத்து ஏற்கப்படின், மிதிவண்டி தட்டுப்பாட்டிற் பிறந்த பிள்ளை என்றே கொள்ளல் வேண்டும். இதன் பிற்கால வரலாறும் அப்பிறப்புக்கு இயைந்ததாகவே அமைந்தது.

1885இல் இங்கிலாந்தின் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி இரு சில்லுகளும் ஏறக்குறைய ஒரே அளவான வண்டியை அமைத்தார். 1888இல் டன்லப் காற்று நிரப்பிய ரயரைக் கண்டார். அந்த ரயருக்கு வேண்டிய றப்பரின் வரலாற்றில் இலங்கைக்கும் பங்குண்டு. பிரேசிலிலிருந்து எடுக்கப்பட்ட விதைகளின் நாற்றுகள் 1876இல் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இலங்கை மண்ணின் பால் ஏற்றுமதியாகியது. இங்கிலாந்தின் ரலி, ஹம்பர் வண்டிகள் இறக்குமதியாயின. தொடக்கத்தில் அவை உத்தியோகத்தரின் உடைமையாய், மதிப்பின் அடையாளமாய் இருந்தன. காலஞ் செல்லச் செல்லப் பழைய வண்டிகள் கைமாறிச் சாதாரண மக்களை அடைந்தன. புகையிரதம் 1916இற் சிலாபத்தையும் 1926இற் புத்தளத்தையும் அடைந்தது. 1958இற் பேருந்துச் சேவை அரசுடைமையாயிற்று. ஆயினும் புகையிரதம் நிலையத்திலும் பேருந்து பெருந்தெருவிலும் நின்றுவிடும். அங்கிருந்து குடிசைக்கும் வயலுக்கும் உப்பளத்துக்கும் உள்ள மணற்பாதையை நிறைத்தது துவிச்சக்கர வண்டியே. மணிக்கு மூன்று மைல் நடப்பவன் அதே உழைப்பில் ஒன்பது மைல் செல்லலாயினான். பின் கரியரில் மரப்பெட்டியைக் கட்டிய மீன் வியாபாரியின் சந்தை ஒரே நாளில் மும்மடங்காயிற்று.

மாரியில் அவ்வண்டி படும் பாட்டையும் விரித்து நோக்குதல் வேண்டும். பாலாவியிலிருந்து கற்பிட்டி செல்லும் தெரு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நீளமானது. அதன் பெரும்பகுதி வடக்கு நோக்கியே செல்கின்றது. வாடைக் காற்று எதிரே வரும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவனை அதே வேகமுள்ள காற்று எதிர்க்குமாயின், அவன் உடல் 30 கிலோமீற்றர் வேகக் காற்றை எதிர்கொள்ளும். காற்றின் தடை இருமடங்காகாது நான்கு மடங்காகும். வைகாசி முதல் வீசும் கச்சான் காற்றோ பெரும்பாலும் வறண்டது. உடலைத் தள்ளுமேயன்றி நனைப்பதில்லை. மாரியில் இரும்பு விளிம்பு நனைந்தவுடன் பிறேக்கின் றப்பர்க்கட்டை வழுக்கும். ரயரோடு உராய்ந்து சுழலும் டைனமோவும் வழுக்கும். மாலை இருளில் விளக்கு மங்கும். ஒரு கையிற் குடை பிடித்தவனுக்கு எஞ்சுவது ஒரு பிறேக்கே. உப்புக் காற்றும் ஈர மணலும் செயினைத் தின்னும். தெருவின் நடுப்பகுதி உயர்ந்திருப்பதால் நீர் ஓரத்திலே தேங்கும். அந்த ஓரமே மிதிவண்டிக்காரனுக்கு ஒதுக்கப்பட்ட இடம். நீருக்கடியிற் குழி உண்டா, தார் உடைந்துள்ளதா என்பதை அவன் விழுந்தே அறிகின்றான். கலா ஓயா பெருகி எழுவன்குளம் சப்பாத்துப் பாலத்தை மூடுங்கால் போக்குவரத்தே நின்றுவிடும். எனினும், தோளிலே தூக்கவும் தோணியில் ஏற்றவும் கூடிய வாகனம் இது ஒன்றே என்பதும் மறக்கற்பாலதன்று.

தட்டுப்பாட்டுக் காலங்கள் இவ்வண்டியின் பெறுமதியை மீண்டும் மீண்டும் உணர்த்தின. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டின் கீழ், ஒட்டுப்போட்ட ரியூப்பும் தைத்த ரயருமாய் வண்டிகள் ஓடின. 1990 யூன் மாதத்தின் பின் வடபகுதிக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் வைத்தியரும் விரிவுரையாளரும் மாணவரும் சுமைகாவுவோரும் ஒரே வாகனத்துக்கு வந்து சேர்ந்தனர். குடும்பங்கள் இடம்பெயர்ந்ததும் அதன் மீதே.

அதே ஆண்டு ஐப்பசி மாத இறுதியில், வடமாகாண முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வெளியேற்றப்பட்டோர் தொகை எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டதென மதிப்பிடப்படுகின்றது. வீட்டையும் நிலத்தையும் வாகனத்தையும் நகையையும் விட்டு வந்தவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். மாரி தொடங்கும் காலம் அது. கிடுகுக் கொட்டில்களிலேயே அவர்கள் முதல் மழையைக் கழித்தனர். அதன்பின் வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் உப்பளத்திலும் கூலி வேலை தேட வேண்டியதாயிற்று. மழையில் உப்பளம் நீரில் மூழ்கும், வேலையும் மூழ்கும், வேறு வேலைக்கு நெடுந்தூரம் போக வேண்டும். இத்தகைய வாழ்க்கையிற் பழைய துவிச்சக்கர வண்டி ஒன்று இருத்தலும் இல்லாமையும் அன்றைய கூலி கிடைத்தலும் கிடையாமையுமாகும். யாழ்ப்பாணத்தில் எரிபொருளின்றி மிதித்தவனும், புத்தளத்தில் ஊரின்றி மிதித்தவனும் ஒரே போரின் இரு முகங்கள். இவ்விருவரையும் ஒருங்கே பதியாத வரலாறு முழுமையான வரலாறாகாது.

2022ஆம் ஆண்டு நாடு முழுவதையும் அந்நிலைக்குக் கொண்டுவந்தது. அந்நியச் செலாவணி வற்றிப் பெற்றோல் வரிசைகள் நீண்டன. யூன் மாத இறுதியில் அத்தியாவசியச் சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. மோட்டார் வண்டி வைத்திருந்தோரும் துவிச்சக்கர வண்டி தேடினர். அதன் விலை பன்மடங்கு ஏறிற்று. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் நிற்கும் மாவட்டத்திலும் மனிதன் தன் காலின் வலுவுக்கே திரும்ப நேர்ந்தது. ஆயினும் அது கச்சான் வீசும் வறண்ட பருவம். அடுத்த மாரி வந்தபோது எரிபொருட் பங்கீடு ஓரளவு சீரடைந்திருந்தது. தெருவோரம் பழைய தெருவோரமாகவே இருந்தது. நெருக்கடியில் தேடப்பட்ட வண்டிக்கு, நெருக்கடி தணிந்த பின் இடம் ஒதுக்கப்படவில்லை.

இவ்விடத்தில், கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தரின் நாட்டை நோக்குதல் பயனுடையது. அங்கும் மிதிவண்டி இயல்பாகவே நிலைத்துவிடவில்லை. 1971இல் அந்நாட்டுத் தெருக்களில் 400க்கும் மேற்பட்ட சிறுவர் விபத்துகளில் மாண்டனர். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 1973இன் எண்ணெய் நெருக்கடியில் மோட்டார் வண்டிகள் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகள் அறிவிக்கப்பட்டன. அப்போராட்டமும் அந்நெருக்கடியும் சேர்ந்தே தனிப்பாதைகளுக்கு வழிகோலின. டென்மார்க்கின் கொப்பன்ஹேகனிலும் பின்லாந்தின் ஊலு நகரிலும் கடுங்குளிரில் மக்கள் மிதிவண்டியில் வேலைக்குச் செல்வது அவர்தம் உடல்வலியால் மட்டுமன்று. பனி பெய்த காலையில் மிதிவண்டிப் பாதையைத் துப்புரவாக்குவதை நகராட்சி தன் கடமையாகக் கொண்டமையாலுமாகும். அந்நாட்டார் நெருக்கடியிற் கற்றதைத் தெருவில் எழுதினர். இங்கு அது எழுதப்படாமலே மறைந்தது.

எனவே பருவம் அன்று, பாதையே தடை என்பது தெளிவாகின்றது. புத்தளக் கரையோரம் வேண்டுவது பெருஞ்செலவன்று: நீர் வடியும் ஓரம், உடையாத தார் விளிம்பு, வெள்ளத்துக்கு மேலே நிற்கும் பாலம், இருளில் ஒரு விளக்கு. பல்லக்குக்கு ஆள் கொடுத்த அரசும், சரக்குக்குக் கால்வாய் அமைத்த அரசும், நிலையத்துக்கு இரும்புப் பாதை இட்ட அரசும் இம்மண்ணில் இருந்துள்ளன. மழையில் தானே மிதித்து வேலைக்குச் செல்பவனுக்கென ஓர் அடி அகலப் பாதையேனும் இட்ட அரசு இன்னும் வரவில்லை. அதனை எழுதி வைப்பது வரலாற்று மாணவரின் கடமை. இடுவிப்பது குடிமக்களின் கடமை.