சாந்து பூசும் உரிமை

காங்கேயம் பக்கத்து ஊர்களில் ஒரு புது வீட்டுக்குள் முதலில் அடியெடுத்து வைக்கும் சிறப்பு வீட்டுக்கு உடையவருக்குக் கிட்டுவதில்லை. கன்றோடு கூடிய பசு ஒன்று முன்னே செல்லும். வீட்டார் பின்னே செல்வர். காளைக்கும் பசுவுக்கும் பெயர் பெற்ற ஊரில் இம்முறை வேரூன்றியிருப்பதில் வியப்பொன்றும் இல்லை. பிறகு உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் உள்ளே வரும். அடுப்பில் பால் பொங்கும். உற்றார் உண்டு மகிழ்ந்து ஊர் திரும்புவர்.

அவர்கள் சென்ற பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. சுண்ணாம்பின் வாடை இன்னும் போகவில்லை. அறைகளில் குரல் எதிரொலிக்கிறது. பாட்டி எந்த மூலையில் படுப்பாள், உரலை எங்கே போடுவது, விளக்கு மாடம் எந்தப் பக்கம் என்பவை இன்னும் முடிவாகவில்லை. கொத்தனார் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன கட்டடத்தைக் குடியிருப்போர் தம் கையால் சிறுகச் சிறுகத் தமதாக்கிக்கொள்ள வேண்டும். மாணவ நண்பர்களே, இவ்வாறு தமதாக்கிக்கொள்ளும் உரிமை எல்லாருக்கும் எக்காலத்தும் இருந்ததா? கொங்கு நாட்டு வரலாறு இந்தக் கேள்விக்குச் சற்றுக் கசப்பான விடை ஒன்றை வைத்திருக்கிறது.

முதலில் மிகப் பழைய காலத்தைப் பார்ப்போம். காங்கேயத்துக்கு வடமேற்கே, நொய்யலாற்றின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று சொல்லப்படும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985-ஆம் ஆண்டு முதல் இங்கே அகழ்ந்து ஆராய்ந்தனர். இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கற்களை அறுத்து மெருகேற்றிய பட்டறைகளின் எச்சங்களும், நூல் நூற்ற தக்களிகளும் வெளிப்பட்டன. காங்கேயம் வட்டத்துப் படியூரில் கிடைத்த பச்சைக்கல் உரோம நாட்டு மாதரின் அணிகலன்களுக்கு ஏற்ற பொருளாய் இருந்தது என்பதும் உங்களிற் பலர் படித்த செய்தியே.

ஆனால் என் உள்ளத்தைக் கவர்ந்தவை அந்த மணிகள் அல்ல. உடைந்த பானை ஓடுகளே. அவற்றில் நூற்றுக்கணக்கானவை தமிழ் பிராமி எழுத்துகளைத் தாங்கியுள்ளன. எழுதப்பட்டிருப்பவற்றுள் பெரும்பாலானவை ஆட்பெயர்கள். ஆதன் என்றொருவன், சம்பன் என்றொருவன் எனப் பலர் தம் பெயரைப் பானையின் தோளிலே கீறி வைத்திருக்கின்றனர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், பல திசை வணிகரும் வந்து போன ஒரு தொழிலூரிலே, ‘இது என்னுடையது’ என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஓர் எழுத்தாணியும் ஒரு பானையும் போதுமானவையாய் இருந்தன. இன்று கல்லூரி விடுதிக்குப் புதிதாகப் போகும் மாணவன் தன் தட்டிலும் வாளியிலும் பெயர் பொறித்துக்கொள்வதும் அவ்வகையைச் சேர்ந்ததே.

பானையிலிருந்து சுவருக்கு வருவோம். கொங்கு நாடு மழை குறைந்த நாடு. இங்கே மண்சுவர் நல்ல சுவர். வெயிலை உள்ளே விடாது. ஆனால் அதற்கு ஒரு பகை உண்டு. ஆண்டுக்குச் சில நாளே பெய்தாலும், பெய்யும் மழை சுவரைக் கரைத்துவிடும். எனவே ஒவ்வோர் ஆண்டும் செம்மண்ணும் சாணமும் குழைத்து மெழுகியாக வேண்டும். இதற்கு நிலையான மருந்து சுண்ணாம்புச் சாந்து. இப்பக்கத்து நிலத்தில் கிடைக்கும் சுக்கான்கல்லைச் சூளையில் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, மணல் சேர்த்து, வட்டப் பள்ளத்தில் காளை இழுக்கும் கல்லுருளையால் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்ப்பதுண்டு. எவ்வளவு அரைக்கிறோமோ அவ்வளவு உறுதி. இப்படிப் பூசிய வீட்டுக்குக் காரைவீடு என்று பெயர். ஒருவரது வீடு காரைவீடு என்றால் ஊரில் அவருக்கு மதிப்பும் தனி.

அந்த மதிப்புத்தான் தொல்லைக்கும் காரணமாயிற்று. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயில் சுவரில் கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் பூண்ட அரசன் ஒருவனின் ஆணை பொறிக்கப்பட்டிருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுப்பின் மூன்றாம் தொகுதியில் அது அச்சாகியுள்ளது. பேரூர்க் கோயிலிலும் இதே வகை ஆணை உண்டு. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் காங்கேய நாடு அமைந்திருந்தது.

ஆணை யாருக்கு? வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு. தச்சர், கொல்லர், கன்னார், கல்தச்சர், தட்டார் என்னும் ஐந்தொழில் மக்களே கம்மாளர். ஆணை அவர்களுக்கு அளித்தவை என்ன? தம் இல்லத்து நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டலாம். வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணியலாம். தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவ்வளவே.

இதனை முதன்முறை படிக்கும்போது அரசன் பெருங்கொடையாளன் என்று தோன்றும். மறுமுறை படித்தால் வேறொன்று புலப்படும். ஓர் உரிமை அரசாணையால் தரப்பட்டது என்றால், அதுவரை அது இல்லை என்பதன்றோ பொருள்? கோயில் எழுப்பிய கைகள், மாளிகைக்கு நிலையும் கதவும் செதுக்கிய கைகள், பிறர் வீட்டுச் சுவரை நிலவொளிபோல் மின்னச் செய்த சாந்தின் பக்குவத்தை நன்கறிந்த கைகள், தம் வீட்டுச் சுவரை மட்டும் மண்ணாகவே விட்டுவைக்க வேண்டியிருந்தது. மழையில் கரையும் சுவரை ஆண்டுதோறும் மெழுகிக் கொண்டிருந்த அந்தத் தச்சனின் மனைவியை நினைத்துப் பாருங்கள். வறுமை காரணமாக இருந்திருந்தால் ஒருவாறு பொறுக்கலாம். சுண்ணாம்பு இருந்தது, தொழில் தெரியும், தடுத்தது வழக்கம்.

அந்த ஆணையில் இன்னொரு குறிப்பும் உண்டு. அவர்கள் வேண்டும் இடங்களில் கல்லிலும் செம்பிலும் அதனை வெட்டிக்கொள்ளலாம் என்று அரசன் கூறியிருக்கிறான். ஓலை செல்லரிக்கும், ஊரார் மறந்துவிடுவர், அல்லது மறந்ததுபோல் நடிப்பர். கோயிற் சுவரில் இருப்பதை மறைக்க இயலாது. ஒரு வீட்டின் பூச்சுக்குக் கோயிற் சுவர் சாட்சி நிற்க வேண்டியிருந்த காலம் அது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதை என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தில் 1696-ஆம் ஆண்டு சன்னல்களின் எண்ணிக்கையைக் கொண்டு வீட்டுக்கு வரி விதித்தனர். வரிக்கு அஞ்சிய மக்கள் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். வெளிச்சமும் காற்றும் இல்லாமல் குடியிருந்தனர். 1851-ஆம் ஆண்டில்தான் அவ்வரி நீங்கியது. அங்கே தடுத்தது கருவூலம்; இங்கே தடுத்தது சாதி. அங்கே பணமுள்ளவன் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒன்றே வேறுபாடு.

பின்னர் வந்த மாற்றங்கள் விரைவானவை. 1865-ஆம் ஆண்டு மங்களூரில் பேசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். சீமை ஓடு தமிழ்நாட்டுக் கூரைகளில் ஏறியது. சிமெண்டு வந்தபின் சுண்ணாம்பு அரைத்த கல்லுருளைகள் மரத்தடிகளில் வேலையின்றிக் கிடந்தன. காசுள்ள எவரும் எந்தப் பூச்சும் பூசலாம் என்னும் நிலை, மெல்ல மெல்ல, பல இடங்களில் போராட்டத்தின் பின், வந்தது.

ஆனால் பழைய கேள்வி வேறு உருவில் மீண்டும் நம் முன் நிற்கிறது. காங்கேயம் வட்டம் 2009-ஆம் ஆண்டு முதல் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. அம்மாவட்டத்தின் பின்னலாடைத் தொழிலுக்காகத் தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து தங்கியிருக்கின்றன. அவர்களுட் பலர் குடியிருப்பது ‘லைன் வீடு’ எனப்படும் வரிசை வீடுகளில். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பொதுக் குழாய். சுவர் நன்றாகவே பூசப்பட்டிருக்கும். ஆனால் அதில் ஆணி அடிக்கக் கூடாது. வண்ணம் மாற்றக் கூடாது. வீட்டுக்காரரைக் குறை கூறுவது எளிது. அடுத்த குடித்தனத்துக்குச் சுவரைக் காப்பாற்ற வேண்டிய கவலை அவருக்கும் உண்டு. ஆயினும் பத்தாண்டு வாழ்ந்தும் ஒரு படத்தை மாட்ட உரிமையில்லாத சுவரை எப்படித் தம் சுவர் என்பது?

அதற்கும் மக்கள் வழி கண்டிருக்கின்றனர். சன்னல் கம்பியில் கயிறு கட்டி நாட்காட்டியைத் தொங்கவிடுகின்றனர். தகரப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் சாமி படங்களை அடுக்குகின்றனர். ஒடிசா நாட்டில் மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் அரிசிமாவைக் கரைத்துத் தரையிலும் வாசலிலும் திருமகளின் பாதங்களை எழுதுவது வழக்கம். மார்கழியில் நம் பெண்கள் இடும் கோலமும் அரிசிமாவில் ஆனதுதான். இரண்டையும் கழுவினால் சுவடில்லாமல் போய்விடும். ஆகவே வீட்டுக்காரர்கள் பொதுவாக அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. மறுநாள் காலையில் வாசலில் மீண்டும் மாவு விழுகிறது.