அருஞ்சொல்லும் எளிய மக்களும்

நம் பங்கு இல்லத்தின் முன்கூடத்தில் மாலை வேளைகளில் இளைஞர் சிலர் கூடியிருந்து போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பதுண்டு. அவர்களிடம் தடித்த குறிப்பேடு ஒன்று உண்டு. அதன் இடப்பக்கத்தில் ஆங்கில அருஞ்சொற்கள். வலப்பக்கத்தில் அவற்றின் பொருள். நாளொன்றுக்கு இருபது சொற்கள் என்று கணக்கு வைத்து உருவேற்றுகிறார்கள். ஒருநாள் அவர்களுள் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "சுவாமி, ஆங்கிலேயரே வீட்டில் பேசாத இந்தச் சொற்களை நாங்கள் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? இந்தப் பட்டியலை முதலில் போட்டு வைத்தவர் யார்?"

விளையாட்டாகக் கேட்ட கேள்வி அன்று அது. தேர்வில் இருமுறை தவறியவரின் மனத்தாங்கல் அதில் இருந்தது. அன்று நாம் சொன்ன மறுமொழி நமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபோது ஓர் உண்மை விளங்கிற்று. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் தம் தாய்மொழியின் அருஞ்சொற்களை இப்படியே பட்டியலிட்டுப் பயின்றிருக்கிறார்கள். அப்பட்டியல்களை ஆக்கித் தந்தவர்களுள் மறைப்பணியாளரும் இருந்தனர்.

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தை நினைத்துப் பார்ப்போம். இலத்தீனும் கிரேக்கமும் கற்ற அறிஞர்கள் அம்மொழிகளின் சொற்களை அள்ளி அள்ளி ஆங்கிலத்தில் கொட்டிய காலம் அது. மைக்கூட்டிலிருந்து பிறந்த சொற்கள் என்று மக்கள் அவற்றை எள்ளி நகையாடினர். கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த சர் ஜான் சீக் இந்தப் பெருக்குக்கு அணைபோட முயன்றார். புனித மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்க்கையில் இலத்தீன்வழிச் சொற்களைத் தவிர்த்து ஆங்கிலத்தின் சொந்த வேர்களிலிருந்தே சொற்களைப் புனைந்தார். நூற்றுவர் தலைவனுக்கு 'ஹண்ட்ரடர்' என்றும், சிலுவையில் அறையப்பட்டதற்கு 'கிராஸ்டு' என்றும் எழுதினார். 1557-இல் அவர் மறைந்தார். அவருடைய சொற்கள் மக்களிடையே வேர்கொள்ளவில்லை. தூய சொல் ஆயினும் வழக்கில் இல்லையெனில் அதுவும் ஓர் அருஞ்சொல்லே என்பதை அம்முயற்சி நமக்குக் கற்பிக்கிறது.

கத்தோலிக்கர் வேறொரு வழியில் சென்றனர். இங்கிலாந்தில் துன்புறுத்தப்பட்ட அவர்களுக்காக 1568-இல் வில்லியம் ஆலன் டூவே நகரில் குருமடம் ஒன்றை நிறுவினார். அது 1578-இல் பிரான்சு நாட்டு ரைம்ஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கு கிரகரி மார்ட்டின் என்னும் குரு இலத்தீன் வுல்காத்தாவிலிருந்து புதிய ஏற்பாட்டை ஆங்கிலமாக்கினார். நூல் 1582-இல் அச்சேறியது. மறைபொருளைக் குறிக்கும் சொல்லை மாற்றினால் மறைபொருளே மாறிவிடுமோ என்று அஞ்சியதால், பல இடங்களில் இலத்தீன் சொல்லையே சற்று மாற்றி ஆங்கிலத்தில் வைத்துவிட்டார். எளிய வாசகர் இடறுவர் என்பதும் அம்மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆகவே பொதுமக்களுக்குப் பழக்கமில்லாத சில சொற்களின் விளக்கம் என்று ஒரு சிறு பட்டியலை நூலிறுதியில் சேர்த்தனர். அதில் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட சொற்களே இருந்தன.

அன்று விளக்கம் வேண்டிய சொற்கள் எவை தெரியுமா? அட்வெண்ட், கோஆபரேட், விக்டிம், கேரக்டர், அக்விசிஷன் போன்றவை! இன்று இவற்றுள் பல ஆங்கிலச் செய்தித்தாள்களில் நாள்தோறும் வருகின்றன. அந்நாளில் இச்சொற்களுக்காக அந்நூல் மிகுந்த ஏளனத்துக்கு உள்ளாயிற்று. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் முன்னுரையும் ரைம்ஸ் நூலின் இருண்ட சொற்களைக் கடிந்துரைத்தது. காலமோ தன் போக்கில் சிலவற்றை ஏற்றது, சிலவற்றைத் தள்ளியது.

இனி எதிரணியைச் சேர்ந்த மற்றொரு மேய்ப்பரைக் காண்போம். அவர் பெயர் ராபர்ட் காட்ரி. ரட்லண்ட் பகுதியில் சவுத் லஃபன்ஹாம் என்னும் சிற்றூரின் பங்குப் பணியாளர், தூய்மைவாதக் கொள்கையினர். ஆங்கிலிக்கன் சபையின் வழிபாட்டு நூலுக்கு எதிராக மறையுரையாற்றியதால் அவரது பணி பறிக்கப்பட்டது. வழக்காடினார், 1591-இல் தோற்றார். 'காட்ரி வழக்கு' என்று இங்கிலாந்துச் சட்ட வரலாற்றில் அது இன்றும் பேசப்படுகிறது. மறையுரை மேடையை இழந்தவர் பள்ளி ஆசிரியராகப் பிழைத்தார்.

1604-இல் அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதி என்று அறிஞர் அதனைப் போற்றுவர். ஏறத்தாழ 2,500 சொற்கள். அனைத்தும் எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு ஆகியவற்றிலிருந்து வந்த கடினச் சொற்கள். எவருக்காக இந்நூல் என்பதை அதன் முகப்பே கூறுகிறது: விவிலியத்திலும் மறையுரையிலும் பிறவிடங்களிலும் அருஞ்சொற்களைக் கேட்டுப் பொருளறியாது திகைக்கும் பெண்களுக்கும், கல்வி வாய்ப்பற்ற ஏனையோர்க்கும்! இலத்தீன் பள்ளிகளின் கதவு பெண்களுக்குத் திறவாதிருந்த காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

அந்நூலின் முன்னுரையில் இரண்டு செய்திகள் நம் மனத்தைத் தொடுகின்றன. முதலாவது, அகரவரிசையில் சொல்லைத் தேடுவது எவ்வாறு என்று ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் அவர் பொறுமையாக விளக்குகிறார். இரண்டாவது, பேசுவோரை, குறிப்பாக மறையுரையாளரை, அவர் எச்சரிக்கிறார்: அறிவில்லாதவரும் விளங்கிக்கொள்ளும் எளிய மொழியில் பேசுங்கள் என்கிறார். கடினச் சொற்களுக்கு அகராதி செய்தவரே கடினச் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறார்! இது முரண்பாடு போலத் தோன்றலாம். நமக்கோ இது மேய்ப்பரின் நீதியாகவே படுகிறது. கேட்பவருக்குப் பொருளைக் கொடு. பேசுபவருக்குப் பொறுப்பைக் கொடு. அந்நூலின் முதற்பதிப்பில் ஒரே ஒரு படி ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் எஞ்சியிருக்கிறது.

ஆயினும் நல்ல கருவி எப்போதும் நல்ல கைகளிலேயே தங்குவதில்லை. 1623-இல் ஹென்றி காக்கரம் என்பவர் ஓர் அகராதியை வெளியிட்டார். அதன் முதற்பகுதி அருஞ்சொல்லுக்கு எளிய பொருள் தந்தது. இரண்டாம் பகுதியோ தலைகீழாக, எளிய சொல்லுக்கு ஈடான பகட்டுச் சொல்லைத் தேடித் தந்தது. இருபது ஆண்டுகளுக்குள் ஏற்பட்ட மாற்றம் இது! மக்கள் ஏறிவரப் போட்ட படிக்கட்டை, ஏறியவர் நின்று பெருமை பேசும் மேடையாகவும் பயன்படுத்தலாம் என்று ஆயிற்று.

நம் தமிழகமும் இத்தகைய பணியை அறியாததன்று. பொருளறிய உதவிய நிகண்டுகள் பெரும்பாலும் செய்யுளில் அமைந்தவை. அவற்றை மனப்பாடம் செய்தோர்க்கே அவை பயன்பட்டன. இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை இயற்றிச் சொற்களை அகரவரிசையில் அடுக்கினார். காட்ரி தம் வாசகருக்குப் பொறுமையாய்க் கற்பித்த அதே வழியில், எழுத்தறிந்த எவரும் தாமே சொல்லைத் தேடியடையும் வாய்ப்பு பெருகிற்று.

இப்போது அந்த இளைஞருக்கு நாம் என்ன சொல்வோம்? தம்பி, உன் கையிலுள்ள பட்டியல் உன்னைத் தாழ்த்துவதற்காகத் தோன்றியதன்று. கல்விக்கூடத்தின் வாயிலில் நிறுத்தப்பட்டவர்களுக்காகவே அதன் முன்னோடி எழுந்தது. தேர்வு அதனை ஒரு சல்லடையாக்கிவிட்டது உண்மைதான். ஆயினும் ஒரு சொல்லின் பொருளை அறிந்தவனை அச்சொல்லால் எவரும் அச்சுறுத்த முடியாது, ஏமாற்றவும் முடியாது. ஆகவே கற்றுக்கொள். கற்றபின் அதனைக் காக்கரத்தின் இரண்டாம் பகுதியாக்கிவிடாதே. உன் தாய்க்கு விளங்காத மொழியில் உன் தாயிடம் பேசாதே.

இதைச் சொல்லும் நமக்கும் உறுத்தல் இல்லாமலில்லை. குருமடத்தில் நாம் பயின்ற இறையியற் சொற்களை எத்தனை ஞாயிறுகளில் நாம் மக்கள் தலைமேல் பொழிந்திருப்போம்! கோவிலின் பின்வரிசையில் அமர்ந்து பொறுமையோடு தலையசைத்த மூதாட்டியருக்குக் காட்ரியின் சிறுநூல் போன்ற ஒன்றை நாம் தந்ததுண்டா?

ரைம்ஸ் பட்டியலில் இருந்து வழக்கொழிந்துபோன சொல் ஒன்று உண்டு: 'எக்ஸினானிட்டட்'. பிலிப்பியர் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தில் அது வருகிறது. ஆங்கிலம் பயின்றோரும் இன்று அதனை அறியார். அதன் இலத்தீன் வேர் சுட்டும் பொருளோ நம் மக்கள் அனைவரும் அறிந்தது: தம்மையே வெறுமையாக்கினார் என்பது. அந்த அருஞ்சொல் மறைந்தது. அதன் பொருள் நிலைத்தது. அருஞ்சொற்களைக் கற்கும் இளைஞரும், அவற்றைக் கற்றுவிட்ட நாமும் மனத்தில் இருத்த வேண்டிய பொருள் அதுவே.