ஒற்றைப் பேணுநரும் கைமாற்றின் சிக்கலும்: கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் நிலைபேறு குறித்து

2024 மார்ச் 29ஆம் நாள், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர்களில் ஒருவரான ஆன்ட்ரெஸ் பிராய்ண்ட் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டார். லினக்ஸ் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கவனித்து, காரணம் தேடிப் போனவர் அவர். தேடல் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்னும் சிறு மென்பொருளில் போய் முடிந்தது. கோப்புகளைச் சுருக்குவதுதான் அதன் வேலை. அதன் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் யாரோ ஒரு பின்கதவைப் பொருத்தியிருந்தார்கள். பொருத்தியவர் பூட்டை உடைத்து வந்தவர் அல்லர். 'ஜியா டான்' என்ற பெயரில் 2021 முதல் ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கையைச் சம்பாதித்து, வெளியீட்டு உரிமையுள்ள இணைப் பேணுநராக உயர்ந்தவர். அந்தத் திட்டத்தை அதுவரை ஒரே ஒரு தன்னார்வலர், ஊதியமின்றி, கிடைத்த நேரத்தில் பேணிவந்தார். 2022இல் வேறு சில பெயர்களில் வந்தவர்கள், வேலை மந்தமாக நடக்கிறது, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள் என்று அவரை விடாமல் நெருக்கினார்கள். அந்தப் பெயர்களின் பின்னால் இருந்ததும் அதே கைகள்தாம் என்பது ஆராய்ந்தவர்கள் பலரின் கருத்து.

இந்நிகழ்வைப் பாதுகாப்புத் துறையின் கதையாக மட்டும் படிப்பது போதாது. மெயின்டெய்னர் என்று நிரலாளர்கள் அழைக்கும் பேணுநர் ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள திட்டங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, "இன்னும் ஆள் சேருங்கள்" என்பது. எக்ஸ்இசட் அந்த அறிவுரையைக் கேட்டு நடந்த திட்டம். கேடும் அந்த வழியாகவே வந்தது. பேணுநர் பற்றாக்குறை, அடிப்படையில், நம்பிக்கையைக் கைமாற்றும் ஏற்பாடுகளின் பற்றாக்குறை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எந்த வளம் இங்கே தீர்ந்துபோகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் வாலென்சியாவின் பாசன வாய்க்கால்களையும் சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்து, பொதுவளத்தை மக்கள் தாமே விதி வகுத்துக் காக்க முடியும் என்று நிறுவினார். அங்கே நீரும் புல்லும் எடுக்க எடுக்கக் குறைபவை. மென்பொருளோ கோடிப் பேர் படியெடுத்தாலும் குறையாது. குறைவது பேணுநரின் கவனம். நாடியா எக்பால் 2020இல் எழுதிய நூல் இதை நன்கு விளக்குகிறது: வந்து சேரும் ஒவ்வொரு வழு அறிக்கையும், ஒவ்வொரு திருத்தமும், ஒவ்வொரு புதிய கோரிக்கையும் படிக்கப்பட்டாக வேண்டும். தாமதமான திட்டத்தில் ஆள் கூட்டினால் வேலை இன்னும் பின்தங்கும் என்று பிரெட் புரூக்ஸ் 1975இலேயே நிறுவனங்களுக்குச் சொன்னது, சம்பளமில்லாத இடத்தில் இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது. இங்கிருந்து ஓரடி முன்னே போகலாம். கவனம் தீர்ந்துபோன ஒருவரால் தமக்குப் பின் வரவேண்டியவரை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவும் முடியாது. புதியவர் யார், ஏன் வந்தார், அவர் அனுப்பிய சோதனைக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு வேண்டியதும் அதே கவனம். உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் வேளையில்தான் உதவியைச் சோதிக்கும் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கிறது.

பணம் இதைத் தீர்க்காதா என்று கேட்கலாம். ஓரளவு தீர்க்கும், அதற்குச் சான்று இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல். 2014 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் வழு, 2012 மார்ச்சில் வந்த 1.0.1 வெளியீட்டிலிருந்தே இருந்தது. ஏறத்தாழ 5 லட்சம் இணையதளங்கள் பாதிப்புக்கு உள்ளாகக்கூடும் என்று இணைய ஆய்வு நிறுவனமான நெட்கிராஃப்ட் கணக்கிட்டது. வங்கிகளும் வணிகத் தளங்களும் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரம் உழைத்தவர் ஒருவர். அதே மாதம் லினக்ஸ் அறக்கட்டளை பெருநிறுவனங்களிடம் நிதி திரட்டி, பின்னர் முழுநேர நிரலாளர் இருவருக்கு வழி செய்தது, திட்டம் உயிர்பெற்றது. ஆனால் அந்த நிதி, உலகமே பெயரறிந்த திட்டத்துக்கு, விபத்துக்குப் பின் வந்தது. எக்ஸ்இசட் அத்தகைய பெயர் பெற்றதில்லை. டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில் எஸ்எஸ்ஹெச் சேவை சிஸ்டம்டி நிரலகத்தோடு இணைக்கப்பட்டிருந்ததும், சிஸ்டம்டி எக்ஸ்இசட்டின் நிரலகத்தைச் சார்ந்திருந்ததும் பயனர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சார்பு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் கொடையும் போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தாலும், பணம் ஒருவரின் நேரத்தை வாங்கித் தருமே தவிர, அவருடைய முடிவைச் சரிபார்க்கும் இரண்டாவது மனிதரைத் தானாக உருவாக்காது.

கைமாற்றத்தை ஓர் ஏற்பாடாகவே நடத்தும் அமைப்புகள் ஏற்கெனவே உண்டு. டெபியனில் ஒரு தொகுப்பைப் பேண முடியாதவர் அதை முறைப்படி கைவிடலாம். உதவி வேண்டும், எடுத்துக்கொள்ள ஆள் வேண்டும், தொகுப்பு அநாதையாகிவிட்டது என்று நிலைக்கேற்ப அறிவிக்கத் தனித்தனிக் குறிகள் உண்டு. அநாதையான தொகுப்பு தரக்காப்புக் குழுவின் பெயருக்கு மாறுகிறது. தளர்ந்துபோனதை ஒப்புக்கொள்வது அங்கே அவமானமாகக் கருதப்படுவதில்லை. நடைமுறையில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அப்பாச்சி அறக்கட்டளை இன்னும் கண்டிப்பானது. ஒரு வெளியீட்டுக்கு மேலாண்மைக் குழு உறுப்பினர் மூவரின் ஆதரவு வாக்காவது வேண்டும். அந்த மூவரைக்கூடத் திரட்ட இயலாத திட்டங்களை மூடி வைப்பதற்காக 2008இல் 'ஆட்டிக்', அதாவது பரண், என்ற பிரிவைத் தொடங்கியது. பேண ஆளில்லாத மென்பொருளைப் பேணப்படுவதுபோல் காட்டாமல், பரணில் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்வதைப் பயனருக்குச் செய்யும் பெரிய நேர்மையாகக் கருதுகிறேன்.

இதற்கு மறுப்புகள் உண்டு. வலுவான மறுப்பு, ஜாவா நிரல்கள் நிகழ்வுகளைப் பதிவுசெய்யப் பயன்படுத்தும் லாக்4ஜே. 2021 டிசம்பரில் உலகைக் கலக்கிய அந்த வழு அப்பாச்சியின் கூரைக்குக் கீழேதான் இருந்தது. மூன்று வாக்கு விதி அதைத் தடுக்கவில்லை. உண்மைதான். ஆனால் வழுவுக்கு இடம் கொடுத்த வசதி 2013இல் சேர்க்கப்பட்டு, பழைய பயனர்களின் நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக நீக்கப்படாமல் நின்றது. எதையும் நீக்காதே என்ற எதிர்பார்ப்பும் கவனத்தை உண்ணும் சுமைதான். வேண்டாததை வெட்டி எறியும் உரிமையும் பேணுநருக்கு வேண்டும். வழு தெரிந்தபின் லாக்4ஜேயைப் பேணிய தன்னார்வலர்கள் டிசம்பர் முடிவதற்குள் நான்கு திருத்த வெளியீடுகளைத் தந்தார்கள். தனியொருவர் அதைச் செய்திருக்க முடியாது. இன்னொரு மறுப்பு, திறந்த மூலநிரல் என்பதால்தானே பிராய்ண்ட் கண்டுபிடித்தார், பல கண்கள் பார்த்தால் வழு மறைந்திருக்காது என்ற எரிக் ரேமண்டின் 1997ஆம் ஆண்டு வாதம் மெய்யாகிவிட்டதே என்பது. ஆனால் எக்ஸ்இசட்டின் பின்கதவை இயக்கிய கட்டளைக் கோப்பு பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. கண்கள் பார்த்துக்கொண்டிருந்த இடம் வேறு, கேடு ஒளிந்திருந்த இடம் வேறு. நல்வாய்ப்பாக வந்து உதவிய அரை நொடியை ஒரு முறைமை என்று சொல்ல முடியாது.

பிடிக்காவிட்டால் கிளை பிரித்துக்கொள்ளலாம், உரிமம் யாருக்கும் எந்தக் கடமையும் விதிக்கவில்லை என்பது மூன்றாவது மறுப்பு. ஆனால் படியெடுக்கும் உரிமை நிரலைத் தருகிறது. அதன் மீதுள்ள நம்பிக்கையைத் தருவதில்லை. விதிகள் கூடினால் தன்னார்வலரின் உற்சாகம் வற்றிவிடும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆகவே சுமையை ஏற்க வேண்டியவர்கள் பயனர் தரப்பினர்தாம். வழங்கல்களும் பெருநிறுவனங்களும் தம் சம்பளக்காரர்களின் வாசிக்கும் நேரத்தைச் சிறு திட்டங்களுக்குத் தர வேண்டும். புதியவரின் திருத்தங்களைப் பேணுநரோடு சேர்ந்து படிப்பதும், வெளியீட்டுத் தொகுப்பைக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவர்கள் செய்யக்கூடிய வேலைகள். ஜெர்மனி 2022இல் தொடங்கிய இறையாண்மைத் தொழில்நுட்ப நிதி, இத்தகைய அடித்தள மென்பொருளின் பேணலுக்கு அரசுப் பணம் தரலாம் என்று காட்டியிருக்கிறது. பிற அரசுகளும் அதைப் பின்பற்ற வேண்டும்.

பின்கதவு வெளிப்பட்ட பின், எக்ஸ்இசட்டின் பழைய பேணுநர் திரும்பி வந்து அதுவரையான மாற்றங்களை ஆராய்ந்தார். பின்கதவு நீக்கிய 5.6.2 வெளியீடு 2024 மே 29 அன்று வந்தது. அதை வெளியிட்டவர் அவரே.