பெயரில்லா வான்கம்பி

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியை அடுத்த ஆரியசாலையில் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அங்கு எஞ்சியுள்ள பழைய ஓட்டுக் கட்டடங்களை அண்ணாந்து நோக்கினால், எவர் நட்டார் என்றறியாத இரும்புக் கழியோ, தொய்ந்து கிடக்கும் செப்புக் கம்பியோ தென்படக்கூடும். அதில் பெயருமில்லை, எண்ணுமில்லை. கட்டடம் இடிபடும் நாளில் பழைய இரும்பாக நிறுத்துப் போடப்படும். அதற்கு முன் அதனை அடையாளங் காண வழியுண்டா?

ஒரு காலத்தில் ஏட்டைப் பார்த்தே அறிந்திருக்கலாம். 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். அஞ்சலகத்தில் பணங்கட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். 1980களில் அம்முறை நீங்கியது. இன்று கம்பியே சான்று.

இக்கருவியை நாம் 'அலைவாங்கி' என்று மொழிபெயர்த்து வருகிறோம். அலையை வாங்குவதற்கு அப்பெயர் பொருந்தும், அனுப்புவதற்குப் பொருந்துமா? வாங்கியதா, அனுப்பியதா என்பதே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். அனுப்பும் கம்பி பெரும்பாலும் அதில் பாதியோ காலோ இருக்கும். கேட்கும் கம்பிக்கு அக்கண்டிப்பில்லை. இடமிருந்த வரை கட்டி, ஒரு முனையிலிருந்து சன்னல் வழியே பெட்டிக்கு இறக்குவார்கள். மாறாக, நடுவே பீங்கானால் பிரிக்கப்பட்டு, இருபுறமும் 10 மீட்டராக நீண்டிருந்தால், 7 மெகாஹெர்ட்ஸில் பேசிய அமெச்சூர் ஒருவருடையது என ஐயுறலாம்.

மன்னர் காலத்து வானொலியின் கம்பம் இதுவே என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டா. திருவிதாங்கூர் நிலையம் 1943 மார்ச் 12 அன்று தொடங்கி, 1950 ஏப்ரல் 1 முதல் அகில இந்திய வானொலியைச் சேர்ந்தது. பின்னாளில் அந்நிலையம் ஒலித்த 1161 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 258 மீட்டர். அதில் கால் பங்கே 64 மீட்டருக்கு மேல். எந்தக் கடையின் கூரை தாங்கும்?

அளவு இவ்வாறு காட்டிக்கொடுக்கும் என்பதால், அனுப்பும் கம்பியை மறைப்பது எளிதன்று. போர் மூண்ட 1939இல் அமெச்சூர் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. 1942இல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் 42.34 மீட்டரில் காங்கிரஸ் வானொலியை மறைவாக நடத்தினர். அந்த அலைக்குப் பாதி, 21 மீட்டர். காவலரிடம் அகப்படாதிருக்க வீடு மாற்றிக்கொண்டே இருந்தனர். நவம்பர் 12 அன்று பிடிபட்டனர். தொழில்நுட்பர் ஒருவர் காட்டிக்கொடுத்தார் என்று உஷா மேத்தாவே பின்னாளில் கூறியுள்ளார். கம்பி காட்டிக்கொடுக்கு முன் மனிதர் முந்திக்கொண்டார் போலும்! உஷா மேத்தாவுக்கு நான்காண்டுச் சிறை கிடைத்தது.

மீன்முள் போன்று குறுக்குக் குழல்கள் கொண்டவை வேறு இனம். ஜப்பானியர் யாகியும் உதாவும் 1926இல் வெளியிட்ட அமைப்பு அது. நீளத்தோடு திசையும் சொல்லும். 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியபின், தென்தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் அதைக் காண உயரமான கழிகள் நட்டனர். திருவனந்தபுரத்துக்கு இலங்கை தென்கிழக்கே உள்ளது. ஆரியசாலைக் கழியொன்றின் மீன்முள் அத்திசை நோக்கி, குறுக்குக் குழல் 80 சென்டிமீட்டர் அளவில் இருந்தால், உள்ளூர் நிலையத்தைத் தேடி நட்டதென்று முடிவுகட்ட வேண்டா.

கழியைச் சாய்க்குமுன் குழலின் நீளம், நோக்கிய திசை, கம்பி இறங்கும் இடம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். சாய்த்தபின் நீளம் மட்டுமே மிஞ்சும்.