பழுதை அறிபவர் யார்? ஒரு வானொலி நிலையத்தின் வரலாறு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சாதனத்தின் நிலையை அறியும் வாய்ப்பு யாருக்குக் கிட்டியது என்ற வினா அரிதாகவே எழுகின்றது. நியூயோர்க் உலக வர்த்தக மையத்தின் அனுபவத்தைக் கொண்டு இவ்வினாவை நாம் நோக்கலாம்.

1993ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பின்போது தீயணைப்பாளரின் கைவானொலிகள் அவ்வுயர்ந்த கட்டடங்களிற் சரிவர இயங்கவில்லை. ஆகவே, சமிக்ஞையைப் பெற்று வலுவூட்டி மீண்டும் பரப்பும் நிலையமொன்று அங்கு நிறுவப்பட்டது. ஏனைய தொடர்புகளுக்கு இடையூறு நேரலாமெனக் கருதித் தேவையானபோது மட்டும் அது இயக்கப்பட்டது.

2001 செப்ரெம்பர் 11 காலை, அதனை இயக்கும் இரு பொத்தான்களுள் ஒன்றே அழுத்தப்பட்டது. நிலையம் இயங்கியது, மேசையிலிருந்த பேசுகருவியோ இயங்கவில்லை. சோதித்த அதிகாரிகள் நிலையமே பழுதென முடிவுசெய்து, வடக்குக் கோபுரத்தில் அதனைக் கைவிட்டனர். தெற்குக் கோபுரத்தில் ஏறியோர் அதே அலைவழியிற் பேசினர். விசாரணை ஆணைக்குழுவின் 2004ஆம் ஆண்டு அறிக்கை இதனைப் பதிவுசெய்துள்ளது.

அன்று தீயணைப்புத் துறையினர் 343 பேர் மாண்டனர். ஒரு பொத்தானையே அதற்குக் காரணமாக்குதல் இயந்திரப்பாங்கான பார்வையாகும். எனினும், நிலையம் இயங்குகின்றது என்ற உண்மை அதனை நம்பியிருந்தோருக்குத் தெரியவில்லை என்பதே இங்கு முக்கியமானது.

இன்றைய நிலையங்கள் தம் பரப்புவலு, அன்ரெனா, மின்வழங்கல் ஆகியவற்றைத் தாமே சோதித்து, பழுது கண்டவுடன் கட்டுப்பாட்டு மையத்துக்கு அறிவிக்கின்றன. அவ்வறிவிப்பு மேலிடத்துடன் நின்றுவிடாது, படியேறும் உழைப்பாளியையும் எட்டவேண்டும். அறிவைப் பகிர்வது சமூக உறவே; இயந்திரம் மட்டும் அதனைத் தந்துவிடாது.