மொறிஸ் மைனரும் நமது கராஜ்களும்

முன்னேஸ்வரத் திருவிழா நாள்களில் சிலாபம் வீதியில் மொறிஸ் மைனர் கார்கள் ஓடக் கண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் 1948இல் அறிமுகமான அக்காரின் உற்பத்தி 1971இல் நின்றது. இலங்கையில் அதனை வாழவைத்தது அந்நியச் செலாவணித் தட்டுப்பாடே. 1970–77 காலப்பகுதியில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உதிரிப்பாகம் அரிதானதால், தகரம் பற்றவைத்தும் கடைசல் பிடித்தும் நமது கராஜ்காரர்கள் சமாளித்தனர்.

ஆயினும் எல்லாவற்றையும் ஒட்டிவிட இயலாது. முன்சக்கரத்தைத் தாங்கும் மரையிணைப்பு தேய்ந்தால் மாற்றியே ஆகவேண்டும். இல்லையேல் ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும்.

1990களில் இங்கிலாந்தின் பாத் நகர நிறுவனம் ஒன்று, மொறிஸ் மைனருக்கான புதிய பாகங்களை இலங்கையிலேயே செய்வித்தது. பழுதுபார்த்த கைகள் பாகம் செய்யும் கைகளாயின.

2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டபோதும் கராஜ்களே கைகொடுத்தன. அவர்களது வரலாற்றை எழுதுவோர் எவருமில்லையா?