விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தில் மனையும் பாம்பும்: இருளர் அறிவின் வரலாற்றுப் போக்கு

ஆய்வுச்சுருக்கம்

புதர்க்காட்டை ஒட்டி எழுந்த குடியிருப்புகளில் பாம்பை எதிர்கொள்ளும் முறை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நெடுங்காலம் இருளர் சமூகத்தின் அறிவைச் சார்ந்திருந்தது. காலனிய அரசின் தலைவிலை, தோல் வணிகம், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், நஞ்செடுப்புக் கூட்டுறவு ஆகியன அவ்வறிவின் நிலையை மாற்றின. அண்டைவீட்டு உதவியாக விளங்கிய திறன் ஒருபுறம் குற்றமாகவும் மறுபுறம் மருந்துத் தொழிலுக்கான மூலப்பொருள் வழங்கலாகவும் பிரிந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இருளர், பாம்புக்கடி, புதர்க்காடு, நஞ்சுமுறி மருந்து, வனவுயிர்ச் சட்டம், தென்னார்க்காடு.

முன்னுரை

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரைத் 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு, என்பதன் திரிபாகக் கொள்வது வழக்கம். பெயரில் எஞ்சியுள்ள காடு நிலத்திலும் முற்றாக மறைந்துவிடவில்லை. செஞ்சிக் குன்றுகளிலிருந்து மரக்காணம் கடற்கரை வரை காரையும் சூரையும் களாவும் மண்டிய முட்புதர்க்காடுகள், பனந்தோப்புகள், ஏரிக்கரைகள், செம்மண் மேடுகள், கழுவேலி ஈரநிலம் எனத் துண்டு துண்டாக அது தொடர்கிறது. வேலிக்காத்தான் பரவிய தரிசுகளும் இன்று அதன் பகுதியே. சென்னை – திருச்சி நெடுஞ்சாலை நான்கு வழிச்சாலையாக விரிந்த பின்னர் இந்நிலத்தின் மீது மனைப்பிரிவுகள் எழுந்தன. எல்லைக்கல் நடப்பட்டு, வீடு கட்டப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மனைகளில் புதர் மீண்டும் வளர்கிறது. அடுத்த மனையில் மக்கள் வாழ்கின்றனர்.

இவ்வட்டாரம் 1993இல் விழுப்புரம் மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை தென்னார்க்காட்டின் பகுதியாக இருந்தது. ஆகவே பழைய ஆவணங்களை அப்பெயரின்கீழ்த் தேட வேண்டும்.

புற்றும் எலிவளையும்

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் புற்று வழிபாட்டிற்குரியது. தெருமுனைப் புற்றுகளுக்கு மஞ்சள் பூசிப் பால் வார்க்கும் வழக்கம் வட்டாரம் முழுவதும் உண்டு. பாம்பின் இயல்பான உணவு பால் அன்று என்பதை உயிரியல் அறிந்தோர் கூறுவர். எனினும் இவ்வழிபாட்டிற்கு ஒரு நடைமுறைப் பயன் இருந்திருக்கலாம். புற்றை இடிக்காமல் விலகிச் செல்லும் பழக்கத்தை அது நிலைநிறுத்தியது. ஆனால் வழிபாடு நல்ல பாம்போடு பெரிதும் நின்றுவிட்டது. கட்டுவிரியனுக்குக் கோயில் இல்லை.

வீட்டிற்குள் நுழைந்துவிட்ட பாம்பிற்கு அழைக்கப்பட்டோர் இருளர். வில்லியர் எனவும் வழங்கப்பட்ட இவர்களைத் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் செங்கல்பட்டு, வட ஆர்க்காடு, தென்னார்க்காடு ஆகிய பகுதிகளுக்குரியோராகக் குறிப்பிடுகிறார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியும் செஞ்சிக் குன்றுகளைச் சார்ந்தோராக இவர்களைச் சுட்டுகிறது. இரு நூல்களும் ஆட்சியாளர் நோக்கில் எழுதப்பட்டவை. இருளரின் வாழ்வைப் பின்தங்கிய நிலையின் சான்றாகக் காணும் அவற்றில், அவர்தம் பாம்பறிவு ஓர் அறிவாக மதிப்பிடப்படவில்லை.

இவ்வறிவின் அடித்தளம் எலியாகும். நெல் வயலின் வரப்பில் எலிவளையைக் கண்டறிந்து கடப்பாரையால் தோண்டி எலியைப் பிடிப்பதும், வளைக்குள் சேர்த்துவைத்த கதிர்களை எடுத்துக்கொள்வதும் இருளரின் பிழைப்பு. அதே வளையில் பாம்பும் இருக்கும் என்பதால் வளையின் வாயைப் படிப்பது உயிர்காக்கும் கல்வியாயிற்று. வாயில் சிலந்தி வலை அறுபட்டுள்ளதா, மண் வழவழப்பாகத் தேய்ந்துள்ளதா, எச்சம் எலியுடையதா பாம்புடையதா, உரிந்த சட்டை எவ்வளவு பழையது என்பனவற்றைக் கொண்டு உள்ளே இருப்பது எது, எப்போது நுழைந்தது என அவர்கள் கணிப்பர். வேளாண்மை செய்வோர்க்கு இதனால் எலித்தொல்லை குறைந்தது. பாம்பைப் பிடித்தமைக்குப் படி நெல்லோ பழைய துணியோ கிடைத்தது. உறவு சமனற்றது எனினும் தேவை இருபக்கமும் இருந்தது.

தலைவிலை

காலனிய அரசு பாம்பை இருவேறு வழிகளில் அணுகிற்று. முதலாவது, பெயரிட்டு வகைப்படுத்துதல். சென்னை அரசின் கீழ் இயற்கையியலாளராகப் பணியாற்றிய பேட்ரிக் ரசல், நஞ்சுள்ள பாம்பை நஞ்சற்றதிலிருந்து மக்கள் பிரித்தறிய வேண்டும் என்னும் நோக்குடன் எழுதிய நூல் 1796இல் இலண்டனில் வெளியாயிற்று. கண்ணாடிவிரியன் அறிவியல் உலகில் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த, நச்சுப்பாடாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரையையும் அவர் ஆராய்ந்தார்.

இரண்டாவது வழி, கொல்லுதல். ஜோசப் ஃபேரர் 1869ஆம் ஆண்டிற்கு வங்காளம் உள்ளிட்ட மாகாணங்களிலிருந்து திரட்டிய கணக்கில் 11,416 பாம்புக்கடி இறப்புகள் பதிவாயின. அதன் பின்னர்ப் பாம்புத் தலைக்கு வெகுமதி வழங்கும் திட்டங்கள் பரவின. ஆண்டுதோறும் எத்தனை மனிதர் இறந்தனர், எத்தனை பாம்புகள் கொல்லப்பட்டன, எவ்வளவு பணம் செலவாயிற்று என அரசிதழ்களில் அட்டவணைகள் இடம்பெற்றன. வெகுமதிக்காக மக்கள் நல்ல பாம்பை வளர்த்தனர் என்று பொருளியல் பாடநூல்கள் சொல்லும் டில்லிக் கதைக்கு உறுதியான ஆவணச் சான்று காட்டப்பட்டதில்லை. ஆய்வேடுகளில் அதனை வரலாறாக எடுத்தாள்வது தவிர்க்கத்தக்கது. உண்மையான குறைபாடு வேறிடத்தில் இருந்தது. வெகுமதி தலையை எண்ணியதே தவிர, வீட்டைச் சுற்றிய நிலையை நோக்கவில்லை. எலி இருக்கும் வரை காலியான வளைக்கு அடுத்த பாம்பு வரும்.

தோலும் தடையும் நஞ்சும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாம்புத்தோல் ஏற்றுமதி வளர்ந்தபோது இருளர் அதன் அடிமட்டத் தொழிலாளர் ஆயினர். சாரையும் நல்ல பாம்பும் பெருமளவில் உரிக்கப்பட்டன. விலை இடைத்தரகர் கையில் இருந்தது. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டபோது தரகர் வேறு சரக்கிற்கு மாறினர். பிடித்துக் கொடுத்தவர்க்கு மாற்றுத்தொழில் இல்லை.

இந்நெருக்கடிக்கு விடையாகச் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தோற்றுவித்த ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியுடன் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அரசு உரிமத்துடன் பெறுகிறது. மட்பானையில் ஏறத்தாழ மூன்று வாரம் வைத்து, வாரம் ஒருமுறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் காட்டில் விடுகிறது. அடையாளமுள்ள பாம்பு மறுபடி பிடிபட்டால் உடனே விடுவிக்கப்படும். இந்நஞ்சு குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தப்பட்டு, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து நஞ்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. இந்தியாவின் நஞ்சுமுறி உற்பத்தி நெடுங்காலமாக இச்சங்கத்தின் நஞ்சையே பெரிதும் சார்ந்துள்ளது.

ஓரினப் பாம்பின் நஞ்சு இடத்திற்கு இடம் வேறுபடும் என்றும், தமிழகத்து நஞ்சால் செய்த மருந்து வடமேற்கு, வடகிழக்குப் பகுதிகளில் போதிய பயன் தராமற்போகலாம் என்றும் அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. அண்டை மாவட்டத்து நஞ்சால் உருவான மருந்து விழுப்புரத்துப் பாம்பிற்கு நன்கு பொருந்தும் என எதிர்பார்க்கலாம்.

எனினும் கூட்டுறவின் உறுப்பினர் பெரும்பாலும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தினர். அங்கிருந்தே வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவிற்குச் சென்று, அங்குப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினர். 2023இல் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஓங்கூர் ஆற்றுக்குத் தெற்கே அதே அறிவுடன் வாழும் இருளர்க்கு அவ்வமைப்பும் இல்லை, உரிமமும் இல்லை.

சட்டத்தின் முரண்

வனவுயிர்ச் சட்டத்தில் 'வேட்டை' என்னும் சொல் கொல்வதை மட்டுமன்றிப் பிடிப்பதையும் உள்ளடக்கும். நஞ்செடுப்பிற்கு 12ஆம் பிரிவின்கீழ்ச் சிறப்பு அனுமதி உண்டு. 11ஆம் பிரிவு, நன்னம்பிக்கையுடன் தற்காப்பிற்காக விலங்கைக் கொல்வதைக் குற்றமாகக் கொள்வதில்லை. இவற்றை ஒருசேரப் படித்தால் விந்தையான நிலை தோன்றுகிறது. அச்சத்தில் பாம்பை அடித்துக் கொன்ற வீட்டுக்காரர்க்குச் சட்டத்தில் ஒரு காப்பு இருக்கிறது. அதனை உயிருடன் பிடித்துப் புதரில் விட்ட இருளர், அனுமதி இல்லாதபோது, குற்றம் செய்தவராகக் கருதப்படலாம். சட்டத்தை இயற்றியோர் இதை எண்ணியிருக்க மாட்டார்கள். தோல் வணிகத்தைத் தடுக்க வகுத்த சொல் அண்டைவீட்டு உதவியையும் தன்னுள் இழுத்துக்கொண்டது.

இன்று மனைப்பிரிவில் பாம்பு தென்பட்டால் மக்கள் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையை 101 என்னும் எண்ணில் அழைக்கின்றனர். வீரர் இடுக்கியால் பிடித்து வனத்துறையிடம் ஒப்படைக்கின்றனர். இது பயனுள்ள ஏற்பாடு. ஆனால் அவர்கள் பாம்பை எடுத்துச் செல்வதோடு பணி முடிகிறது. இருளர் செய்த இன்னொரு பணி, அதாவது அது ஏன் வந்தது என வீட்டைச் சுற்றிப் பார்த்துச் சொல்வது, யார் பொறுப்பிலும் இல்லை.

வீட்டைச் சுற்றி

அப்பணியின் உள்ளடக்கத்தை இன்றைய மருத்துவ அறிவோடு ஒப்பிடுகையில் பெரும்பகுதி பொருந்துகிறது. சுவரை ஒட்டிய விறகுக் குவியல், கட்டி முடித்தபின் அகற்றாத செங்கல் அடுக்கு, வைக்கோற்போர், கோழிக்கூடு, மூடியில்லாத கழிவுநீர்க் குழாய் ஆகியன எலியையும் தவளையையும் ஈர்க்கின்றன. அவற்றின் பின் பாம்பு வருகிறது. கட்டுவிரியன் இரவில் இரை தேடி வீட்டிற்குள் நுழைந்து, தரையில் உறங்குவோரைக் கடிக்கிறது. அக்கடியில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இல்லை. விடியலில் வயிற்றுவலியும், இமை தாழ்தலும், விழுங்க இயலாமையும் தோன்றி, மூச்சுத் தசைகள் செயலிழக்கும். கட்டிலில் கொசுவலையின் விளிம்பைப் பாய்க்கடியில் செருகி உறங்குவது இதற்குச் சிறந்த காப்பு. இருட்டில் நடக்கக் கைவிளக்கு வேண்டும். பாம்பைக் கண்டால் அதன் வழியை மறிக்காமல் தொலைவில் நின்று, பார்வையிலிருந்து விடாமல், பயிற்சி பெற்றவரை அழைத்தல் வேண்டும்.

இனம் காணலில் இருளரின் நுட்பம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. வெள்ளிக்கோல் வரையன் என்னும் நஞ்சற்ற பாம்பைக் கட்டுவிரியன் எனக் கருதி அடித்துவிடுவது வீடுகளில் அன்றாட நிகழ்ச்சி. வரையனின் பட்டைகள் கழுத்துப் பகுதியில் தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனின் வெண்பட்டைகள் கழுத்தருகே மங்கியோ இல்லாமலோ இருந்து பின்னுடலில் தெளிவுறும். இதன் மறுதலையான பிழையே கொடியது: கட்டுவிரியனை வரையன் என எண்ணிக் கையில் எடுப்பது. ஐயம் எழின் நஞ்சுள்ளதாகவே கொள்ள வேண்டும்.

பொருந்தாத பகுதியையும் மறைக்க வேண்டியதில்லை. இருளரிடமும் நாட்டு மருத்துவரிடமும் வழங்கிய பச்சிலைகள் எவையும் நஞ்சுமுறி மருந்திற்கு ஈடாக மெய்ப்பிக்கப்படவில்லை. கட்டுப் போடுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகியன தீங்கு செய்வன. நஞ்சற்ற பாம்பு கடித்தோரும், நஞ்சுள்ள பாம்பு நஞ்சைச் செலுத்தாமற் கடித்தோரும் பிழைத்ததே பச்சிலையின் புகழாயிற்று. கடிபட்ட உறுப்பை அசையாமல் தாங்கவைத்து, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ விரைவதே வழி. அங்குச் சிறு கண்ணாடிக் குழாயில் குருதியை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா எனப் பார்க்கும் எளிய சோதனை, விரியன் கடியின் தன்மையை உணர்த்திவிடும். பாம்பை அடித்து எடுத்துவரத் தேவையில்லை. பாம்பறிவையும் கடி மருத்துவத்தையும் ஒன்றாகக் கலந்து 'மரபறிவு' எனப் போற்றும் எழுத்துகள் இரண்டிற்கும் நன்மை செய்யவில்லை.

ஏரிக்கரை

2005ஆம் ஆண்டில் இந்தியாவில் 45,900 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என 2011இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் மருத்துவமனையில் இறந்தோர் 23 விழுக்காட்டினரே. எஞ்சியோர் வீட்டிலும் வழியிலும் இறந்தனர். தலைவிலைக் காலத்து அட்டவணைகளைப் போலவே மருத்துவமனைப் பதிவேடும் உண்மையின் ஒரு பகுதியையே காட்டிற்று.

இறப்போர் யார் என்னும் வினா இவ்வட்டாரத்தில் மீண்டும் இருளரிடமே திரும்புகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழக இருளர் ஏறத்தாழ 1.9 இலட்சம் பேர். குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகளுள் ஒன்றாக அரசு இவர்களை வகைப்படுத்தியுள்ளது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் பலர் ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் பட்டா இன்றிக் குடிசையில் வாழ்கின்றனர். செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுதல் ஆகியவற்றில் முன்பணக் கடனுக்குக் கட்டுண்டு உழைக்கின்றனர். இரவில் கடப்பாரையும் பையுமாக நடப்பவர் ஐயத்திற்கு ஆளாவதும், திருட்டு வழக்குகளில் சேர்க்கப்படுவதும் திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி முதலியோர் நடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் தொடர்ந்து எழுப்பிவரும் சிக்கல்கள். சாதிச் சான்றிதழும் மனைப்பட்டாவும் அச்சங்கத்தின் கோரிக்கைகளுள் முதன்மையானவை. அவை பாம்புக்கடியோடு தொடர்பற்றவை போலத் தோன்றும். பட்டா இல்லாத இடத்தில் அரசுத் தொகுப்பு வீடு எழாது. வீடு எழாத இடத்தில் மண்தரையும் கீற்றுத் தடுப்புமே எஞ்சும். கட்டிலும் வலையும் விளக்கும் அங்கு இல்லை. கட்டுவிரியனின் நடமாட்டத்தை நன்கு அறிந்தவரே அதன் வழியில் தரையில் உறங்குகிறார்.

2024ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ்ப் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் இறப்பும் மருத்துவமனைகளிலிருந்து அரசிற்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அப்பதிவுகள் சுகாதாரத் துறையில் சேரும். பாம்பைப் பிடிக்கும் அனுமதி வனத்துறையிடம் உள்ளது. ஏரிக்கரைக் குடிசைக்கு மாற்றுமனை கோரும் மனுக்கள் வருவாய்த் துறையின் வட்ட அலுவலகத்தில் கிடக்கின்றன.